ஹோமரின் ஒயின் கடல்: கிரேக்கர்களுக்கு நீலம் தெரியாதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஹோமர் கடலை ஒயின் நிறம் என்று பாடியிருக்கிறாராம். நீலம் என்று ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லையாம். அப்படியென்றால் பழைய கிரேக்கர்களின் கண்ணுக்கு நீலம் தெரியவில்லையா?"

தெரிந்தது. நம் கண்ணும் அவர்கள் கண்ணும் ஒரே கண்தான். கடலைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வேறொன்றைச் சொல்ல நினைத்தார்கள், அவ்வளவுதான். அது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹோமரின் இலியட், ஒடிஸி என்ற இரண்டு பழைய கிரேக்கக் காவியங்களையும் மூல மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னை விடாத விஷயம் இது.

ஹோமர் சொல்வது 'ஒய்னோப்ஸ் பொன்டோஸ்'. பொன்டோஸ் என்றால் விரிகடல், கப்பல் கடந்துபோகும் கடல். ஒய்னோஸ் என்றால் திராட்சை மது. 'ஒப்ஸ்' என்ற பின்பகுதிக்குக் கண், முகம், தோற்றம் என்று பொருள். நிறம் என்ற சொல் இதற்குள் எங்கும் இல்லை. 'மது முகம் கொண்ட கடல்', 'மதுவைப் போலத் தோன்றும் கடல்' என்று சொல்லலாம். இலியட், ஒடிஸி இரண்டிலும் சேர்த்துப் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தத் தொடர் வருகிறது.

இதே அடைமொழியை ஹோமர் இன்னும் ஒன்றே ஒன்றுக்குத்தான் தருகிறார்: உழவு மாட்டுக்கு. இலியட் 13ஆம் பாடலில் அயாக்ஸ் என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று போரிடுகிறார்கள். தரிசு நிலத்தில் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு ஒய்னோப்ஸ் எருதுகளைப் போல என்கிறார் கவிஞர். கொம்பின் அடியில் வியர்வை ஊறி வழிகிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஒடிஸி 13ஆம் பாடலில் நாள் முழுக்க இதே மாதிரி மாடுகளோடு உழுதவன், பொழுது எப்போது சாயும், எப்போது சோறு கிடைக்கும் என்று காத்திருக்கிறான். மாடு எந்த ஊரிலும் நீலமாக இருப்பதில்லை. ஆகவே கடலுக்கும் மாட்டுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய ஒன்றைத்தான் இந்தச் சொல் குறிக்க வேண்டும். கருஞ்சிவப்பு, அதன் மேல் ஈர மினுக்கம். வியர்த்து நிற்கும் செவலைக் காளையை வெயிலில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதற்கு மண்ணுக்குள்ளிருந்தே ஒரு சாட்சி வந்தது. கிரீட் தீவில் க்னோசோஸ் அரண்மனையைத் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்துக் காட்டினார். லீனியர் பி என்ற எழுத்தில் இருந்தது பழைய கிரேக்கம். ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அரண்மனைக் கணக்கர்கள் எழுதிவைத்த அந்தப் பலகைகளில் சிலவற்றில் உழவு மாடுகளின் பெயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒரு மாட்டின் பெயர் ஐவோலோஸ், அதாவது புள்ளிக்காரன். இன்னொன்று கெலைனோஸ், கருப்பன். பொதார்கோஸ், வெள்ளைக்காலன். அவற்றோடு ஒரு மாடு வோ-நோ-கோ-சோ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஹோமரின் ஒய்னோப்ஸ்தான் அது, முதலில் ஒரு வகர ஒலியோடு. நம்மூரில் மயிலை, செவலை, காரி என்று மாட்டைக் கூப்பிடுகிறோமே, அதே பழக்கம். இலக்கியத்தில் மிகப் பெரிய புகழ்பெற்ற அந்த அடைமொழி ஒரு தொழுவத்திலும் புழங்கியிருக்கிறது. இதை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கவிதைச் சொல் என்று நினைத்திருந்த ஒன்றுக்குத் திடீரென்று சாண வாசனை வந்துவிட்டது.

அந்த வகரம் ஹோமரிலும் தடம் விட்டிருக்கிறது. 'எபி ஒய்னோபா பொன்டோன்', 'மதுமுகக் கடலின் மீது', என்று அடியின் கடைசியில் வரும்போது எபி என்பதன் இறுதி உயிர், அடுத்து வரும் உயிரின் முன் கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை. அந்த இடத்தில் ஒரு காலத்தில் வொய்னோபா என்று மெய்யெழுத்து நின்றது. ஒலி தேய்ந்து போன பிறகும் பாடகர்கள் பழைய புணர்ச்சியை அப்படியே காப்பாற்றி வந்தார்கள். தொடர் எவ்வளவு பழையது என்பதற்கு இதுவே போதும்.

சரி, மது எப்படித் தோன்றும்? கண்ணாடிக் கிண்ணத்தில் வெளிச்சம் ஊடுருவ நிற்கும் சிவப்பை மறந்துவிடுங்கள். ஹோமர் காலத்து மது தோல்பையிலும் மண் ஜாடியிலும் இருந்தது. அகன்ற கலத்தில் தண்ணீர் கலந்து, மண்ணிலோ உலோகத்திலோ செய்த கோப்பையில் குடித்தார்கள். ஹோமரிடம் மதுவுக்கு மூன்று அடைமொழிகள் அடிக்கடி வரும்: மெலாஸ், கருப்பு, எருத்ரோஸ், சிவப்பு, ஐதோப்ஸ், தீப்போல் ஒளிர்வது. ஒடிஸி 9ஆம் பாடலில் மரோன் என்ற பூசாரி கொடுத்த மதுவைப் பற்றிக் காவியத்தின் நாயகன் ஒடிசியஸ் சொல்லும்போது, ஆட்டுத்தோல் பையில் இருக்கையில் அது கரிய மது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, இருபது பங்கு தண்ணீர் விட்டுக் கோப்பையில் குடிக்கும்போது அதே மது சிவப்பு. ஒரே பொருள்தான், இருக்கும் இடம் மாற மாறத் தோற்றமும் மாறுகிறது. வீட்டில் நாவல்பழச் சாற்றையோ கருந்திராட்சைச் சாற்றையோ ஒரு கறுத்த மண்சட்டியில் ஊற்றிப் பாருங்கள். நிறம் என்று ஒன்றைச் சொல்ல வராது. ஆழம் தெரியும், கருமை தெரியும், சட்டியை அசைத்தால் விளிம்பில் ஒரு ஒளிக்கோடு ஓடும். கப்பலின் ஓரத்திலிருந்து ஆழ்கடலைக் குனிந்து பார்த்தவனுக்குத் தெரிவதும் அதுதான்.

பிற்காலக் கிரேக்கர்களும் இந்த ஒப்புமையை இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஏதென்ஸின் பானை ஓவியர் எக்ஸேகியாஸ் கி.மு. 530 வாக்கில் செய்த ஒரு கோப்பை ம்யூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்பக்கம் முழுக்கப் பவளச் சிவப்பு. நடுவில் மதுக்கடவுள் டயோனிசஸ் ஒரு படகில் சாய்ந்திருக்கிறார், பாய்மரத்தில் திராட்சைக்கொடி படர்ந்திருக்கிறது, சுற்றிலும் டால்பின்கள். மதுவை ஊற்றினால் கடவுளின் படகு மதுவில் மிதக்கும். இதே ஓவியர் செய்த பெரிய மதுக்கலம் ஒன்றில், விளிம்பின் உள்பக்கத்தில் வரிசையாகக் கப்பல்கள். கலம் நிறையும்போது கப்பல்களும் கடலில் இறங்கிவிடும்.

கிரேக்கத் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், அதைக் கலந்ததால் மதுவே நீலமாகிவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. கடலில் செம்பாசி பூத்திருக்கும் என்று இன்னொன்று. இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கருப்பு, சிவப்பு என்று மதுவைத் தெளிவாகச் சொல்லும் கவிஞர் அதை ஒருமுறையாவது நீலம் என்று சொல்லியிருக்க மாட்டாரா? மாட்டுக்குப் பாசி பூக்குமா? அந்தி வானத்தின் சிவப்பு கடலில் விழுந்ததைச் சொன்னார் என்பவர்களும் இருக்கிறார்கள். அழகான எண்ணம், ஆனால் பகலிலும் இரவிலும் நடக்கும் காட்சிகளில் இந்தச் சொல் வருகிறதே.

அப்புறம், ஹோமருக்குக் கடல் மதுமுகம் மட்டும் கொண்டதில்லை. இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

கரையோரக் கடலுக்கு அவர் சொல்வது 'பொலியோஸ்'. இதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: நரைத்த. கிழவரின் தலைக்கும் ஓநாயின் தோலுக்கும் இரும்புக்கும் அதே சொல். "வரிசையாக அமர்ந்து நரைத்த கடலைத் துடுப்பால் அடித்தார்கள்" என்ற அடி ஒடிஸியில் திரும்பத் திரும்ப வரும். துடுப்பு பட்ட இடத்தில் நுரை வெளுக்கிறது, கடலுக்கு நரை விழுகிறது. இலியட் முதல் பாடலில், தனக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பெண்ணை அரசன் அகமெம்னான் பிடுங்கிக்கொண்ட பிறகு, கிரேக்க மாவீரன் அக்கிலிஸ் தோழர்களை விட்டு விலகி நரைத்த கடலின் கரையில் அழுதபடி உட்கார்ந்து, தூரத்துக் கடலைப் பார்க்கிறான். அந்தத் தூரத்துக் கடலுக்கு என்ன அடைமொழி என்பதில் பழங்காலத்திலேயே இரண்டு பாடங்கள். சுவடிகளில் மதுமுகக் கடல். அலெக்சாண்ட்ரியாவின் பெரிய உரையாசிரியர் அரிஸ்டார்கஸ் கொண்ட பாடம் 'எல்லையற்ற கடல்'. ஒரே அடியில் இரண்டு நிறம் வரக்கூடாது என்று யாராவது நினைத்தால் அது நம் சங்கடம். காலடியில் நுரை, கண்ணெட்டும் தூரத்தில் கருமை. கரையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும் காட்சிதானே அது.

காற்று எழும்பும்போது கடல் கறுக்கிறது. இலியட் 7இல் இரண்டு படைகளும் ஈட்டியும் தலைக்கவசமுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக எழுந்த மேற்குக் காற்றின் சிலிர்ப்பு கடல்மீது பரவ, அதன் கீழ் கடல் கறுப்பதைப்போல என்கிறார். 'ஃப்ரிக்ஸ்' என்ற அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் மயிர்க்கூச்செறியும் சிலிர்ப்புக்கும் உறவு உண்டு, ஆகவே இங்கே சிலிர்ப்பு என்பது என் அலங்காரம் அல்ல. 23ஆம் பாடலில் இதே சிலிர்ப்பு வட காற்றில் வருகிறது. பாசி படர்ந்த கரையோரம் ஒரு மீன் துள்ளி எழுகிறது, கரிய அலை அதை மூடிக்கொள்கிறது. குத்துச்சண்டையில் அடிபட்டு மேலெழும்பி விழும் ஒருவனுக்கு உவமை அது. கரிய அலை என்று படித்துவிட்டுக் கவிஞருக்கு நிறம் தெரியவில்லை என்பதா?

'போர்ஃபுரியோஸ்' என்ற சொல்லை மொழிபெயர்ப்புகளில் ஊதா என்று போட்டுவிடுவார்கள். ஹோமரிடம் இதற்கு உயிர் கொடுப்பது அதன் வினைச்சொல்லான போர்ஃபுரோ. இலியட் 14இல் முதியவர் நெஸ்டர், போர்க்களத்துக்குள் போவதா, அரசனிடம் போவதா என்று முடிவுக்கு வராமல் நிற்கிறார். புயல் வரப்போவதை உணர்ந்து, ஆனால் எந்தப் பக்கமும் உருளாமல், ஓசையற்ற அலையோடு பெருங்கடல் கருத்துப் பொங்கி நிற்பதைப்போல என்று உவமை. அங்கே கடலுக்கு வரும் வினை இது. இதே வினைதான் மனசுக்கும். ட்ராய் வீரன் அகேனோர் அக்கிலிஸை எதிர்த்து நிற்கும்போதும், அரசன் மெனலாஸ் கடற்கிழவனைப் பிடிக்கும் வழியைக் கேட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும்போதும், அவர்கள் நெஞ்சம் 'போர்ஃபுரோ' ஆகிறது. மனம் அலைபாய்கிறது என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே. பெயரடையாக இது அலைக்கும் இரத்தத்துக்கும் சாவுக்கும் வானவில்லுக்கும் வரும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு டப்பா சாயத்தைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் சாயமும் இதில் கலந்திருக்கிறது. போர்ஃபுரா என்பது முள்சங்கு, அதிலிருந்து எடுத்த அரசச் சாயமும் அதே பெயர். சங்கின் பெயரும் பொங்குதல் என்ற வினையும் ஒரே வேரா, ஒலி ஒற்றுமையால் ஒட்டிக்கொண்டவையா என்று மொழியியலாளர்கள் விவாதிக்கிறார்கள். சாயம் எவ்வளவு அரியது என்பதற்கு ஒரு கணக்கு: 1909இல் பால் ஃப்ரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 சங்குகளை உடைத்து எடுத்தது 1.4 கிராம். நல்ல சாயத்துக்கு உரோமானிய எழுத்தாளர் பிளினி சொன்ன இலக்கணம், உறைந்த இரத்தம் போல இருக்க வேண்டும், நேராகப் பார்த்தால் கருப்பு, சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு. ஆக சாயமே இரண்டு முகம் கொண்டது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'நிறங்கள் பற்றி' என்ற சிறு நூல் கடலுக்கும் இதையே விளக்குகிறது: அலை எழும்பிச் சாயும்போது அதன் சரிவில் நிழல் விழுகிறது, கதிர் மங்கலாகப் படுகிறது, அப்போது கடல் போர்ஃபுரா நிறமாகத் தெரிகிறது. கிரேக்கர்களே எழுதிவைத்த இந்த விளக்கம் இருக்கும்போது நாம் பாசியையும் காரத்தையும் தேடிப் போக வேண்டியதில்லை.

இன்னும் சில சொற்கள் உண்டு. வயலெட் பூவைப் போன்ற கடல், பனிமூட்டக் கடல், பளிச்சிடும் கடல். எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் விட மனமில்லை. 'க்ளவ்கே தலாஸ்ஸா', ஒளிர்சாம்பல் கடல், ஹோமரில் ஒரே ஒரு தடவை வருகிறது. இலியட் 16இல் பட்ரோக்ளஸ் அழுதுகொண்டு அக்கிலிஸிடம் சொல்கிறான்: உன் அப்பா பெலியஸ் இல்லை, உன் அம்மா தெடிஸ் இல்லை, க்ளவ்கே கடலும் செங்குத்துப் பாறைகளும்தான் உன்னைப் பெற்றன, உன் மனசு அப்படிக் கல்லாகிவிட்டது. அக்கிலிஸின் தாய் நிஜமாகவே கடல் தேவதை. நண்பன் அந்தத் தாயை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை வைக்கிறான். மதுவின் கதகதப்போ பூவின் மென்மையோ இல்லாத, குளிர்ந்து மின்னும் ஒரு சொல் அங்கே தேவைப்பட்டது.

நீலத்துக்கு வருவோம். இந்த வாதத்தைத் தொடங்கியவர் வில்லியம் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரானவர். 1858இல் ஹோமரைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். அதில் நிறங்களைப் பற்றிய பகுதி, ஹோமரிடம் கருப்பும் வெளுப்பும் நிறைய, மற்ற நிறங்கள் மிகக் குறைவு என்று எடுத்துக்காட்டியது. வானம் ஹோமருக்கு வெண்கலம், இரும்பு, விண்மீன் நிறைந்தது. நீலம் மட்டும் இல்லை. இதெல்லாம் கூர்ந்த வாசிப்பு, நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்து மனிதரிடம் நிறத்தை உணரும் புலன் முழுதாக வளரவில்லை என்ற முடிவுக்கு அவர் போனார். 1877இல் ஹூகோ மாக்னஸ் என்ற கண் மருத்துவர் அதை ஒரு பரிணாமக் கொள்கையாகவே ஆக்கினார். சில ஆயிரம் ஆண்டுகளில் மனிதக் கண் அப்படி மாறிவிடுவதில்லை. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேரா தீவில், இன்றைய சாண்டோரினியில், சுவரில் நீலக் குரங்குகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். நீலச் சாயத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூசியவனுக்கு நீலம் தெரியாமலா இருந்தது?

சொல்லும் இருந்தது. 'கியானோஸ்' என்பது விலையுயர்ந்த நீலக் கண்ணாடிப் பசை. ஒடிஸி 7இல் அல்கினூஸ் அரசனின் மாளிகைச் சுவரில் அது பட்டையாக ஓடுகிறது. கிரேக்கத்தின் பழைய திரின்ஸ் அரண்மனை அகழாய்வில் அப்படி நீலக் கண்ணாடி பதித்த பட்டை உண்மையிலேயே கிடைத்தது. ஆனால் இதிலிருந்து பிறந்த கியானியோஸ் என்ற பெயரடையை ஹோமர் ட்ராய் வீரன் ஹெக்டரின் தலைமுடிக்கும் தேவர்களின் அரசன் ஜீயஸின் புருவத்துக்கும் தருகிறார். துக்கத்தில் தெடிஸ் போர்த்தும் முக்காடும் கியானியோஸ்தான், அதைவிடக் கரிய துணி இல்லை என்று சேர்த்தே சொல்கிறார். ஒளியும் இருளும் முதலில், சாயல் அப்புறம்: அவர்கள் நிறச்சொற்கள் அடுக்கப்பட்ட முறை அது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புரியாமல் போக வழியில்லை. பச்சைத் தண்ணீர் என்றால் பச்சை நிறத் தண்ணீரா? பச்சைப்பிள்ளை பச்சையாகவா இருக்கிறது? கிரேக்கத்தில் 'க்ளோரோஸ்' ஏறக்குறைய இப்படித்தான். இளம் மரக்கிளை, தேன், பயத்தில் வெளிறிய முகம், எல்லாம் க்ளோரோஸ். பச்சை என்ற சொல்லை மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு தமிழர்களின் கண்ணைச் சந்தேகித்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? கடைசியில், ஹோமருக்கு வெகுகாலம் பின்னால், யூரிப்பிடீஸ் ஒரு நாடகத்தின் தொடக்கத்தில் எவ்ரிபோஸ் நீரிணையின் காற்று 'கியானியோஸ்' கடலைச் சுழற்றுவதாக எழுதினார். கண் மாறவில்லை, சொல்லின் புழக்கம் மாறியது.

அடைமொழி யாப்புக்காக வந்தது, அதற்குப் பொருள் தேட வேண்டாம் என்பவர்கள் உண்டு. 1928இல் மில்மன் பாரி தன் ஆய்வேடுகளில் ஹோமரின் தொடர்கள் ஆறு சீர் அடியின் வெவ்வேறு இடங்களுக்குத் தைத்து வைத்த துணித்துண்டுகள் போல எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டினார். அவர் சொன்னது உண்மை. 'மதுமுகக் கடல்' அடியின் கடைசிக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அதே கடைசிக்குப் பனிமூட்டக் கடலும் மீன் நிறைந்த கடலும் எல்லையற்ற கடலும் பாடகன் கையில் தயாராக இருந்தன. இலியட் 23இல் பட்ரோக்ளஸின் சிதை முன்னால், ஊருக்குத் திரும்பினால் அங்குள்ள ஸ்பெர்கியோஸ் ஆற்றுக்குத் தருவதாக வளர்த்த முடியை அக்கிலிஸ் வெட்டுகிறான். இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை. அப்போது அவன் நெஞ்சு கனத்து, மதுமுகக் கடலைப் பார்த்துப் பேசுகிறான். கடலுக்கு அந்தப் பக்கம்தான் அவன் ஆறு. பழகிய தொடர் என்பதாலேயே அது அங்கே வலிக்கிறது.

பின்வந்த கவிஞர்களிடம் இந்தச் சொற்கள் மேலும் இழைந்தன. ஸ்பார்ட்டாவின் அல்க்மான், வயதாகிக் கால் தள்ளாடும்போது, அலையின் பூமீது ஹால்சியன் என்ற கடற்பறவைகளோடு பறக்கும் 'கடல்போர்ஃபுரா' நிறப் பறவையாக இருக்கமாட்டேனா என்று ஏங்குகிறார். இங்கே பறவைக்கே கடல் நிறம். ஐஸ்கிலஸ் கி.மு. 458இல் மேடையேற்றிய அகமெம்னானில், கணவனைக் கொல்லப்போகும் க்ளிதெம்னெஸ்ட்ரா அவனை விலைமதிப்பற்ற சாயத் துணிமேல் நடக்கவைத்து, "கடல் இருக்கிறது, அதை யார் வற்றவைப்பார்?" என்கிறாள். வெள்ளிக்குச் சமமான சாயத்தை ஊறவைக்கும் கடல். கடலும் சாயமும் இரத்தமும் அவள் வாயில் ஒன்றாகிவிடுகின்றன.

நிறச்சொல்லை எப்படி வாசிப்பது என்று ஒரு கிரேக்கக் கவிஞரே பேசிய பதிவும் இருக்கிறது. கியோஸ் தீவில் ஒரு விருந்து. நாடகக் கவிஞர் சோஃபோக்ளிஸ், மது ஊற்றும் பையன் வெட்கத்தில் சிவப்பதைப் பார்த்து, "போர்ஃபுரா கன்னங்களில் காதலின் ஒளி மின்னுகிறது" என்ற பழைய அடியைச் சொல்கிறார். கூட இருந்த பள்ளி ஆசிரியர் மறுக்கிறார்: ஓவியன் இந்தப் பையன் கன்னத்தில் போர்ஃபுரா சாயத்தைப் பூசினால் அழகாகவா இருக்கும்? சோஃபோக்ளிஸ் சிரிக்கிறார். அப்படியென்றால் விடியலை ரோஜா விரல் கொண்டவள் என்று சொன்ன கவிஞரும் உமக்குப் பிடிக்காது, விரலை ரோஜாச் சாயத்தில் முக்கினால் சாயத்தொழிலாளியின் கைதான் வரும், அழகியின் கை வராது என்கிறார். கூட்டம் சிரிக்க, ஆசிரியர் வாயடைத்துப் போகிறார். அந்த விருந்தை நேரில் கண்ட எழுத்தாளர் இயோன் எழுதிவைத்தது இது.

நீங்கள் ஒரே ஒரு இடத்தைப் படிக்க நேரம் ஒதுக்குவதானால் ஒடிஸி 2ஆம் பாடலின் கடைசிப் பதினைந்து அடிகளைச் சொல்வேன். அப்பா ஒடிசியஸைத் தேடி டெலிமாகஸ் ஊருக்குத் தெரியாமல் புறப்படுகிறான். சூரியன் மறைந்தாயிற்று, தெருவெல்லாம் இருட்டு. தெய்வம் ஏதீனா பின்காற்றை அனுப்புகிறாள், அது மதுமுகக் கடலின் மேல் பாடிக்கொண்டு வருகிறது. தேவதாருப் பாய்மரத்தை நிறுத்தி, முறுக்கிய மாட்டுத்தோல் கயிற்றால் வெள்ளைப் பாயை ஏற்றுகிறார்கள். காற்று பாயின் வயிற்றை நிரப்புகிறது. கப்பல் ஓட ஓட, கப்பலின் முன்முனையைச் சுற்றிப் போர்ஃபுரா அலை உரக்க முழங்குகிறது. நிறம் பார்க்க அங்கே வெளிச்சமே இல்லை. இருட்டில் கனத்து அசையும் தண்ணீரும், எங்கோ ஒரு மினுக்கமும், ஓசையும்தான். கயிறுகளைக் கட்டி முடித்ததும் அவர்கள் கலங்களை எடுத்துவைத்து, விளிம்பு ததும்ப மதுவை ஊற்றி, தெய்வங்களுக்கு, எல்லோருக்கும் மேலாக ஏதீனாவுக்கு, படைக்கிறார்கள். இரவு முழுக்க, விடியலுக்கு அப்புறமும், கப்பல் வழியைப் பிளந்துகொண்டு போகிறது.